சோளக்காட்டுப் பேய்

ஜெர்மனியில், டோர்ட்மண்டுக்கு வெளியே ஒரு பண்ணை. ஹாலோவீன் பார்க்க வரும் குழந்தைகளைச் சோளக்காட்டுக்குள் பயமுறுத்துவது என் வேலை. நேற்று ஒருவரும் பயப்படவில்லை. இன்றும் அப்படியானால் வேலையோடு கொட்டகைப் படுக்கையும் போய்விடும்.

வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு கிளம்புகிறேன். வழியில் ஒரு பூசணிக்காய் உடைந்து கிடக்கிறது. குழந்தைகள் அதைத் தாண்டிக் குதிக்கிறார்கள். திருஷ்டி கழித்த காயை மிதிக்காதே என்று அடிவாங்கி வளர்ந்த கால் எனக்கு. ஓரமாகச் சுற்றிப் போகப் பார்த்து, வழுக்கிச் சேற்றில் குப்புற விழுகிறேன்.

சூப் விற்கும் யாழ்ப்பாணத்து அண்ணை சிரிக்கிறார்.

"என்ன தம்பி, பேய்க்கே பூசணிக்காய் பயமோ?"

"நீங்க மிதிப்பீங்களா அண்ணே?"

"ஐயோ, ஏலாது! காலமை தொடக்கம் நானும் சுத்தித்தான் போறன்."

எழுந்து நிற்கிறேன். என்னைப் பார்த்த ஒரு சிறுமி அலறிக்கொண்டு ஓடுகிறாள். பண்ணைக்காரம்மா கைதட்டி ஏதோ சொல்கிறாள்.

அண்ணை மொழிபெயர்க்கிறார்: "நாளைக்கும் உம்மை விழுந்திட்டு வரச் சொல்லுறா."