கூண்டில் சொன்ன சோற்று ஜெபம்

தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் புது லெவல் திறந்த அன்று காலை, இறங்கு குழியான ஷாஃப்ட் வாசலில் அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் இருந்தார்கள். தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவும், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றோம். உபதேசியார் மட்டும் இல்லை. ‘பயப்படாதே’ என்று அப்பாவுக்கு ஓயாமல் போதித்தவர், அன்றைக்குப் பார்த்துக் கோலாருக்குப் போயிருந்தார்.

புது லெவலில் முதல் வெடி வைக்குமுன் ஆடு வெட்டி, அந்த இரத்தத்தை இறங்குகிறவர்கள் நெற்றியில் பொட்டாக வைப்பது எங்கள் கம்பெனிக் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் ஆட்களின் வழக்கம். பொட்டில்லாத நெற்றி ஒன்று கீழே இறக்கும் கூண்டில் ஏறினாலும் பாறை சரிந்துவிடும் என்பார்கள். அப்பா அப்போதுதான் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். லைனிலேயே முதல் வேதக்காரர். மேஸ்திரி விரலை நீட்டியபோது தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“எனுக்கு வாணாங்க.”

“இன்னாடா வாணாம்? கல்லு உன்னை மட்டும் பாத்தா வுழும்? கூட நிக்கிறவன் பொண்டாட்டிக்கு நீயா சோறு போடுவ?”

ஆட்கள் அப்பாவை விட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்கு அவர்மேல் கோபமில்லை, பயம்தான். வேலை போனால் லைன் வீடும் போகும் என்பது அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

“அப்ப நா மொதல்ல தனியா எறங்கறேங்க. வுழுந்தா என் மேலயே வுழட்டும்.”

கூண்டின் கதவைச் சாத்தியதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உபதேசியார் அவருக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டே ஜெபம். பரமண்டல ஜெபம் அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை. மற்றதை உரக்கச் சொன்னார்: “ஆண்டவரே, நாங்க புசிக்கப்போற இந்த ஆகாரத்த ஆசீர்வதியும்.”

“யாரு யாரப் புசிக்கப்போறாங்கன்னு இப்பத் தெரிஞ்சிரும்,” என்றான் ஒருவன். சிரித்தார்கள். அம்மா அந்தச் சிரிப்புக்கு மேலே கேட்கும்படி ஆமென் சொன்னாள்.

கூண்டு மறைந்து, கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு, அப்பா இறங்கிவிட்டார் என்று கீழேயிருந்து மணி அடித்தது. கூண்டு வெறுமனே மேலே வந்து நின்றும் ஒருவரும் அசையவில்லை. நெற்றியில் இரத்தம் காயாத சித்தப்பா, “எங்கண்ணன் அங்க ஒண்டியா கீறாரு,” என்று ஏறினார். அவர் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கற்றவன் நான். பரமண்டல ஜெபத்தை இன்று தட்டுத்தடங்கலின்றிச் சொல்வேன். ஆனால் அதை அந்தக் கூண்டில் நின்று சொல்லும்படி என்னை யாரும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். வேதத்தில் சேர்ந்தவர்கள் கம்மல் போடமாட்டார்கள் என்று லைன் பிள்ளைகளிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லித் திரிந்தேன். ஒற்றை ஆளுக்காகக் கூண்டை ஓட்டியதற்கும் வேலை தாமதமானதற்கும் மேஸ்திரி அபராதம் போட்டதோ, அதைக் கட்டினால்தான் மறுபடி வேலை என்றதோ அப்போது எனக்குத் தெரியாது. ஊரிகத்து அடகுக்கடைச் சேட்டு அந்தக் கம்மலுக்குக் கொடுத்தது பதினோரு ரூபாய் நாலணா. அவ்வளவும் அபராதத்துக்கே போயிற்று.