டீச்சர் வீட்டு மதியப் படங்கள்

சுபாஷினிக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனாலும் பினாங் தீவின் புலாவ் திக்குஸில் சற்குணம் டீச்சரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போன பிறகு, பழைய அமெரிக்க நகைச்சுவைப் படங்களில் யார் எங்கே வழுக்கி விழுவார்கள் என்பது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. டீச்சரின் கணவர் உயிரோடிருந்தபோது சேர்த்த கறுப்பு வெள்ளைப் படங்கள். மாளிகைக்காரர்கள் மறை கழன்றவர்களாகத் திரிவார்கள். சமையற்காரன் மட்டும் தெளிவாகப் பேசுவான். கோடீஸ்வரன் மகள் கார் டிரைவரைத் துரத்தித் துரத்திக் காதலிப்பாள். எல்லாக் கூத்தும் கல்யாணத்தில் முடியும்.

"பணக்காரருக்குப் புத்தி கிடையாது, பிள்ளை. அவன்ட கோலத்தைப் பாரும்!" என்று டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். அந்தச் சிரிப்புக்காகவே சுபாஷினி மதியச் சாப்பாடு முடிந்ததும் படத்தைப் போட்டுவிடுவாள். கணவன் விட்டுப் போன பிறகு, சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் அவளோடு சேர்ந்து சிரிக்க யாருமில்லை.

டீச்சரின் மகன் சதீசன் விவாகரத்து முடிந்து கோலாலம்பூரிலிருந்து அம்மாவிடமே வந்து சேர்ந்தான். முதலில் அறையைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு மதியப் படத்துக்கு வந்து உட்கார்ந்தான். அவளுக்குப் புரியாத வசனத்தைத் தமிழில் சொன்னான். மழை நாள்களில் அவளைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டான். ஒரு நாள் காரை ஓரமாக நிறுத்தி, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான்.

"விளையாடாதீங்க. டீச்சர் ஒத்துக்குவாங்களா?"

"அம்மா இந்தப் படங்கள ரசிச்சு ரசிச்சுப் பாக்கிறவங்க. ஒன்னும் சொல்ல மாட்டாங்க லா."

அவள் நம்ப மறுத்தாள். பிறகு, தன்னையறியாமல், நம்பத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்தில் மணப்பெண் சுவரேறிக் குதித்துக்கொண்டிருந்தபோது சதீசன் சத்தத்தைக் குறைத்தான். "அம்மா, நான் சுபாவைக் கல்யாணம் செய்யப் போறேன்."

டீச்சர் சிரித்தார். நாற்காலி குலுங்க, வாய்விட்டுச் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை என்று கண்டதும்தான் நிறுத்தினார்.

"பகிடி இல்லையா? பிள்ளை, நீர் உள்ளுக்குப் போம். நாங்கள் வீட்டாக்கள் கதைக்க வேணும்."

அடுக்களைக்கு எல்லாம் கேட்டது. "தோட்டத்து ஆக்களடா! அவளின்ட தகப்பன் பைராம் தோட்டத்தில செம்பனைக்குலை வெட்டினவன். அப்பா இருந்திருந்தா உன்னை வாசல்படி ஏற விட்டிருப்பாரா?"

"அம்மா, மெதுவாப் பேசுங்க. அவங்களுக்குக் கேக்கும்."

அவ்வளவுதான் சதீசன் சொன்னது. இன்னொரு வார்த்தை வரும் என்று சுபாஷினி குழாயை மூடிவிட்டுக் காத்து நின்றாள். வரவில்லை.

மாலை மாத்திரைகளைக் கொடுத்து, டீச்சருக்கு உடை மாற்றிவிட்ட பிறகே பையை எடுத்தாள்.

"படத்துல மட்டும் எப்படி டீச்சர் அப்படிச் சிரிச்சீங்க?"

"படம் படம்தானே, பிள்ளை." கோபமே இல்லாமல், வகுப்பில் விளக்குவதுபோலச் சொன்னார். அந்த அமைதிதான் அவளை அதிகம் சுட்டது.

வாயிலில் சதீசன், "கொஞ்சம் பொறுங்க, அம்மாவ சமாதானப்படுத்திட்டுக் கூப்புடுறேன்," என்றான். கூப்பிடவில்லை. சிறிது காலம் தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள். அப்புறம் தீவைவிட்டுப் பாலம் தாண்டி சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு, டீச்சரின் பக்கத்து வீட்டு ரோஹானா ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தாள். டீச்சர் போய்விட்டார், முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்துவிட்டது, உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்று மலாயில் சொன்னாள். கடைசி மாதங்களில் வேலைக்கு வந்த பெண்கள் யாரும் நிலைக்கவில்லையாம். டீச்சர் யார் கையாலும் சாப்பிட மறுத்து, "சுபா எங்க?" என்று கேட்டபடி இருந்தாராம்.

"சதீசன் என்கிட்ட சொல்லவே இல்லையே," என்றாள் சுபாஷினி.

உணவு இடைவேளை முடிந்து மணி அடித்தது. அரைநாள் விடுப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். இறந்தவர் என்ன உறவு என்று கேட்பார்கள். கையுறையை மாட்டிக்கொண்டு வரிசையில் தன் இடத்துக்குப் போய் நின்றாள்.