ஏன் அக்காவின் மொட்டை மாடி

பள்ளிச் சீருடை தைக்கும் அவளைத் தையல்காரி என்று கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது. ஏன் அக்கா என்று கேட்க வேண்டும். பிறந்தநாள் மிட்டாய் நீட்டினால்கூட, "ஏன் ரெண்டு?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். சும்மா தருகிறேன் என்று வருபவனைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

அப்படிப்பட்டவளின் வாசலில் மின்சாரக் கம்பெனி ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து நின்றான். மொட்டை மாடியில் சோலார் தகடு போட்டால் முக்கால்வாசிச் செலவைக் கம்பெனியே ஏற்குமாம்.

"பகல்ல கரண்ட் போனா எங்க வீட்டுக்காரரோட மூச்சு மெஷின் ஓடுமா? அதச் சொல்லுங்க."

உள்ளே கட்டிலில், மூக்கில் குழாயோடு கணவர் சாய்ந்திருந்தார். மெஷின் நிற்கும்போதெல்லாம் அவர் உதடு நீலம் பாரிக்கும்.

"சூரியன் இருக்கிற வரைக்கும் உங்களுக்கு என்னம்மா கவலை?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மழுப்புகிறான் என்று அவளுக்குப் பட்டது. நாளைக்குக் கையெழுத்து வாங்க வருகிறேன் என்று போய்விட்டான்.

மறுநாள் உச்சி வெயிலில் கரண்ட் போனது. கணவருக்குச் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினாள். அங்கே போன மாதம்தான் தகடு போட்டிருந்தார்கள். மாடியில் அது பளபளவென்று மின்னியது. கீழே அந்த வீட்டு அண்ணி அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணி, ஃபேன் ஓடலையா?"

"லைன்ல கரண்ட் போனா இதுவும் நின்னுடுமாம். எங்களுக்கே போட்டப்புறம்தான் தெரிஞ்சுது."

திரும்பி வந்தால், வாசலில் கம்பெனி ஆள் பேனாவோடு நிற்கிறான். எதிர்வீட்டில் பார்த்ததை அவள் சொன்னதும் அவன் சிரிப்பு சுருங்கியது.

"பேட்டரி வச்சா ஓடும்மா. ஆனா அதுக்குச் சலுகை கிடையாது."

"ஏன்?"

வெயிலோ அவசரமோ, அவனுக்கு வாய் தவறிவிட்டது. "பேட்டரி இருந்தா ராத்திரிக்குக்கூட நீங்க எங்ககிட்ட கரண்ட் வாங்க மாட்டீங்களே!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ என் மாடில உங்க கடையா? போய்யா!"

கதவை அறைந்து சாத்தினாள். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி கட்டில் வரைக்கும்தான் நின்றது. சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்புக்கு இறங்கியிருந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை.

"சோலார்லயும்... ஓடாதாமா?" என்றார் கணவர்.

ஓடாது என்று தலையை ஆட்டினாள்.

"ஏன்?"

சற்று முன்னால்தான் கேட்ட பதில். அதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.