வீட்டுக்கென்று எடுத்த சிப்பி

சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுவது இடியக்காவின் குரல்தான். சிப்பி விற்கிறவள். அந்தக் குரலுக்குப் பயந்தே சிப்பியெல்லாம் தானாக வாயைத் திறந்துவிடும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

விற்பனைக்கு அவள் சிப்பி எடுப்பது கடல்முனைக்கு அப்பால் இருக்கும் பாறைகளில். பொடியாக இருக்கும், ஆனால் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு மட்டும் வேறு இடம். கப்பல் பழுதுபார்க்கும் தளத்தின் பழைய தூண்களில் உள்ளங்கை அகலத்துக்குக் கொழுத்துக் கிடப்பதை உளியால் பெயர்த்துக்கொண்டு வருவாள். அதைச் சந்தைக்குக் கொண்டுபோனதே இல்லை. நாளெல்லாம் தையல் மெஷினை மிதித்து மிதித்து இளைத்துப்போன மனுஷனுக்கு அதையாவது வாய்க்கு ருசியாகப் போட வேண்டாமா? அவள் புருஷன் தையற்காரரும் தட்டை வழித்துச் சாப்பிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் கடலோரச் சிப்பியில் ஈயம், காட்மியம் என்று என்னென்னவோ சேர்ந்திருக்கிறதாம் என்ற பேச்சு கிளம்பியது. ஆலைக் கழிவும் கப்பல் பெயின்ட்டும் தண்ணீரில் கலந்தால், அந்தத் தண்ணீரை வடிகட்டியே வயிறு வளர்க்கும் சிப்பி பாவம் என்ன செய்யும்? கடைக்கு ஒரு கூடை சோதனைக்குக் கொடுக்க வேண்டும், தேறாத கடையை மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இடியக்காவுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? படித்தவர்கள் முன்னால் பொடிச் சிப்பியை நீட்டுவதாவது என்று கௌரவம் பார்த்து, தூண் சிப்பியைப் பெயர்த்து, பாசி போகத் தேய்த்துக் கழுவி, பளபளவென்று கூடையில் அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஈயம் எக்கச்சக்கம் என்று முடிவு வந்தது. கடைக்குப் பூட்டு. இடியக்கா சோதனைக்கூடத்துக்குப் போய்க் கட்டடமே அதிரச் சண்டை போட்டாள். அங்கே வேலைபார்க்கும் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கே எடுத்தது என்று விசாரித்தாள். விற்கிறது பாறைச் சிப்பி, பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டுமே என்று தூணில் எடுத்தேன் என்றாள் இவள். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தானே கூட வந்து பாறைச் சிப்பியை எடுத்துப்போனாள். அது ஜோராகத் தேறிவிட்டது. பூட்டும் திறந்தது.

சாவியைக் கொடுக்கும்போது அந்தப் பெண் கேட்டாள்: "அந்தத் தூண் சிப்பியை யாராவது சாப்பிட்டாங்களாக்கா?"

இடியக்கா திறந்த கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி, தையற்காரரை மெஷினிலிருந்து எழுப்பி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, இத்தோடு நிறுத்தினால் மெல்ல இறங்கிவிடும் என்றார் டாக்டர். அவளுக்கும் பார்த்துவிடலாமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று தலையாட்டினாள். "நான் ஒண்ணுகூடத் தொட்டதில்லை டாக்டர். இவருக்கே காணாதுன்னு அப்படியே போட்டுருவேன்."

சொல்லிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். ஊருக்கெல்லாம் நல்லதை விற்றுவிட்டுக் கட்டினவனுக்கு விஷத்தைப் போட்டேனே என்று அவள் அழுத அழுகையில் மூன்று வார்டுகள் எட்டிப்பார்த்தன. தையற்காரர் கூச்சத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லவேளை, நீ தொடலை," என்றார். "இனிமே சந்தைச் சிப்பியையே ஆக்கு. ரெண்டு தட்டுல போடு."