மூன்று ஊரில் சிரித்த கல்யாணப் பெண்

அந்த மெயில் வந்தபோது பாடி மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நேர்காணலுக்கு அழைக்கிறோம் என்ற முதல் வரியைப் படித்ததுமே "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்மணி, என் பர்ஸை யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்து நாலு பக்கமும் பார்த்தார். வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை. உட்கார்ந்து போகிற நிலைமையிலா இருந்தேன்! இரண்டு ஸ்டாப்பிங் நடந்த பிறகுதான் மூச்சு ஒரு நிலைக்கு வந்தது.

விஷயம் இதுதான். நான் இங்கே பல் டாக்டருக்குப் படித்து, பாடியில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் இந்தப் படிப்பு மட்டும் போதாது. அங்கே ஒரு கல்லூரியில் சேர்ந்து மறுபடியும் படிக்க வேண்டும். என்னை மாதிரி வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இடம் கொஞ்சம்தான், கேட்பவர்களோ ஊர்ப்பட்ட பேர். போன வருஷம் ஒரே ஒரு கல்லூரி கூப்பிட்டது, பேசினேன், வேண்டாம் என்றுவிட்டார்கள். இந்த வருஷமும் ஒன்றுதான். என் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணின் ஆயுளும் இந்த வருஷத்தோடு சரி. இது போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க என்னிடம் தெம்பு இல்லை. அதை வீட்டில் வாய்விட்டே சொல்லியிருந்தேன்.

தயாரிப்பு என்றால் அப்படி ஒரு தயாரிப்பு. ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் தங்கை பேராசிரியர் ஆகிவிட்டாள். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "எதுக்கு எங்க காலேஜ்?" என்பாள். நான் ஒப்பிப்பேன்.

"அக்கா, நீ பதில் சொல்ற மாதிரி இல்ல. ஸ்கூல்ல உறுதிமொழி எடுக்கிற மாதிரி இருக்கு."

"உனக்கு என்னடி தெரியும்? இதெல்லாம் டாப் ஆன்ஸர்."

டாப் ஆன்ஸர்தான். எங்களைப் போல விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஒரு பி.டி.எஃப். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. கேள்விகள் மொத்தமும் இருக்கும், பதிலும் இருக்கும். ஊர் பெயரையும் கல்லூரி பெயரையும் மாற்றிக்கொண்டால் போதும். பள்ளியில் கைடு, கல்லூரியில் சீனியர் கொடுத்த நோட்ஸ் என்று வளர்ந்த பிள்ளை நான். பி.டி.எஃப். கிடைத்தபோது சந்தேகமே வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

நேர்காணலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, குழுவில் அதே கல்லூரி கூப்பிட்டிருந்த இரண்டு பெண்களோடு வீடியோவில் பயிற்சி வைத்துக்கொண்டோம். ஒருத்தி மதுரை, ஒருத்தி விஜயவாடா. கேள்வி: உங்களால் மறக்க முடியாத நோயாளி யார்?

மதுரைக்காரி ஆரம்பித்தாள். ஒரு கல்யாணப் பெண். முன்பல்லில் கறை. நிச்சயதார்த்தத்தில் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டே இருந்தாளாம். வைத்தியம் பார்த்த பிறகு கல்யாணத்தில் வாய்விட்டுச் சிரித்தாளாம், மறுநாள் பால்கோவா கொண்டுவந்து கொடுத்தாளாம். அடுத்து விஜயவாடாக்காரி. அவளுக்கும் கல்யாணப் பெண்தான், அதே கறை, அதே துப்பட்டா. ஸ்வீட் மட்டும் பூதரேகுலு.

என் முறை வந்தது. "என் கல்யாணப் பொண்ணு அல்வா கொண்டு வந்தா" என்றேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மதுரைக்காரி நாற்காலியிலிருந்து சரிந்தே போனாள்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. போன வருஷமும் நான் இந்தப் பெண்ணைத்தான் சொன்னேன். கேள்வி கேட்ட பேராசிரியர் கடைசிவரை புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். பாவம், அன்றைக்கு அவர் எத்தனையாவது கல்யாணத்துக்குப் போய் வந்தாரோ! வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது. பி.டி.எஃப்.-ஐ அழித்தேன். அழித்த கையோடு பயமும் பிடித்துக்கொண்டது. என்னிடம் சொந்தமாக என்ன இருக்கிறது?

ஒன்று இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பாடியில் ஒரு பட்டறைத் தொழிலாளி ரூட் கெனாலுக்கு வந்திருந்தார். முதல் சிட்டிங் முடித்து, ஒரு வாரத்தில் வரச் சொன்னேன். ஆள் வரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கன்னம் வீங்கி வந்து நின்றார். எனக்கு வந்ததே கோபம்! காத்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால், "வலி போச்சுன்னா டாக்டரும் வேணாம், இல்ல?" என்று எகிறினேன்.

அவர் குரலே உயர்த்தவில்லை. "ரெண்டு தபா வந்தேன் டாக்டர். நைட் ஷிப்ட்டு முடிச்சிகினு ஊட்டுக்குப் போற வழியில. கதவு சாத்திகினு இருந்துச்சு. பத்து மணிக்குத் தொறக்குறீங்க, நான் அதுக்குள்ள தூங்கிடுவேன். இன்னா ஷிப்ட்டுன்னு நீங்க கேக்கவே இல்லியே."

அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. நான்தான் பிடுங்கினேன். அன்றிலிருந்து யார் வந்தாலும் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் என்ன ஷிப்ட் என்று கேட்டுவிடுவேன். ஆனால் அந்த மனுஷன் முகம் மறக்கவில்லை.

நேர்காணல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு. நாள் குறித்துக் கொடுத்தவர்களுக்கு அது ஆடி வெள்ளி என்று தெரியுமா என்ன? கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் அம்மன் கோயில், கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். ஆறு மணிக்கு அம்மா, பாட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்க, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். விழாக் கமிட்டி ஆள் சிரித்திருக்கிறார். "இதுக்கா நீங்களே கெளம்பி வந்தீங்க? டாக்டரம்மா பேசி முடிக்கிற வரிக்கும் செட்டு ஆஃப். ஆத்தா கோச்சிக்க மாட்டா, போங்க."

ஏழு மணிக்குத் தெருவே கப்சிப். மேலே கோட், கீழே வீட்டில் போடுகிற பேன்ட். லேப்டாப்புக்கு அடியில் மூன்று குக்கர் பெட்டி. திரையில் ஒரு பெண் பேராசிரியரும் இன்னொருவரும். அரை மணி நேரம் நன்றாகவே போயிற்று. அப்புறம் பேராசிரியர் கேட்டார்: மறக்க முடியாத நோயாளி யார்?

சொன்னால் நம்ப மாட்டீர்கள், கல்யாணப் பெண் என் நாக்கு நுனியில் வந்து நின்றேவிட்டாள். மனப்பாடம் அப்படி. தண்ணீர் குடித்தேன். பிறகு பட்டறைக்காரரைச் சொன்னேன். நான் திட்டியதையும் விடவில்லை. என் ஆங்கிலம் இரண்டு இடத்தில் தடுக்கியது. பேராசிரியர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அந்தப் பல் என்ன ஆயிற்று?" என்றார். "எடுத்துவிட்டேன். என்னால்தான் போனது" என்றேன். அவர் புன்னகைக்கவில்லை. நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தால் அம்மா கதவோடு ஒட்டி நிற்கிறாள். நடந்ததைச் சொன்னேன்.

"அடிப்பாவி! பண்ண தப்ப யாராச்சும் சீட்டு குடுக்கிறவங்ககிட்டயே போய்ச் சொல்லுவாங்களா?"

தங்கை மட்டும், "இன்னிக்குத்தான் அக்கா நீ பதில் சொல்லியிருக்க" என்றாள். அதற்குள் ஸ்பீக்கர் திரும்ப அலற ஆரம்பித்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, கிளினிக்கில் ஒரு அக்காவுக்கு ஈறில் ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகக் காத்திருந்தபோது போன் அதிர்ந்தது. நோயாளி இருக்கும்போது நான் போன் பார்ப்பதில்லை. அன்றைக்குப் பார்த்தேன். சீட் கிடைத்துவிட்டது. அந்த ஒரு வரியை நாலு முறை படித்தேன். சத்தம் போடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன், கண்ணீர் கேட்கவில்லை.

சேரில் படுத்திருந்த அக்கா பயந்துபோய், பாதி மரத்த வாயோடு, "இன்னா டாக்டர், பல்லு ஒடஞ்சிச்சா?" என்றார்.

"இல்லக்கா. எனக்கு அமெரிக்காவுல படிக்க சீட்டு கெடச்சிடுச்சு."

வீட்டுக்குச் சொல்வதற்கு முன்னால், பேர்கூடச் சரியாகத் தெரியாத அவரிடம்தான் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுபடியும் சாய்ந்து படுக்கப் போனவர் பாதியில் நின்றார்.

"அப்ப எம் பல்ல யாரு முடிப்பா? இன்னும் ரெண்டு சிட்டிங் கீதுன்னியே."

இத்தனை நாளும் சீட் வருமா வராதா என்றுதான் கிடந்தேன். வந்தால் இதையெல்லாம் விட்டுப் போக வேண்டும் என்பது அந்தக் கேள்வியில்தான் புரிந்தது.

"நான்தாங்க்கா. முடிச்சிட்டுத்தான் போவேன்" என்றேன். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையுறையை மாற்றுகிற வரைக்கும் அவர் பொறுமையாக வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.