இலைக்கு அடியில் இருந்த புள்ளிகள்

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அந்தப் பரிசோதனைக்கூடத்தில் எல்லாரும் அவளை லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டரம்மாகூட அப்படித்தான், இத்தனைக்கும் அவர் ஏழு வயது மூத்தவர். இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை, கண்ணாடிச் சில்லில் தடவிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து அணுக்களை எண்ணுவது. எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. நூறு முடிந்த பிறகே நிமிர்ந்து "என்ன?" என்பாள். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. மாடிப்படி ஏறினாலும் எண்ணிக்கொண்டுதான் ஏறுவாள்.

அவள் கணவர் ஏசி மெக்கானிக். ஊரார் வீட்டையெல்லாம் குளிர வைத்துவிட்டு, தான் வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்பார். வந்ததும் கூடத்து ஏசியைப் போட்டு அதன் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். மனுஷன் கேட்கும் சுகம் அது ஒன்றுதான் என்பதால் அவளும் ஒன்றும் சொல்வதில்லை.

நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, நீதிமன்றத்தில் தட்டச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே தெருவின் மறுகோடியில் தனியாக இருந்தார். பேச்சிலேயே முற்றுப்புள்ளி வைக்கத் தெரிந்தவர். லேப் அக்கா கல்யாணமாகி வந்த முதல் வாரம், அவள் தட்டை எடுத்து வைக்கும்போது, "ரத்தம் தொட்ட கை. நல்லா கழுவிட்டு வாம்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. மரியாதைக்குக் குறைவில்லாமல், ஒட்டாமல், இரண்டு பேரும் காலத்தை ஓட்டினார்கள்.

ஒரு நாள் நாத்தனாருக்கு ஏழு மாதத்துக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தின மாலை, ஒரு பெரணித் தொட்டியை இரு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து நின்றார். தொட்டியைச் சுற்றி இலைகள் நாலாபக்கமும் வழிந்து, அவர் முகமே தெரியவில்லை.

"பூட்டின வீட்டுல இது இருக்காது. நீ பாத்துக்கோ" என்றார். கூடவே ஒரு தாள். தட்டச்சு செய்து, எண் போட்டு, பதினொரு விதிகள். நேர் வெயில் கூடாது, வெளிச்சம் வேண்டும். மண் ஈரமாக இருக்கணும், சேறாகக் கூடாது. கூழாங்கல்லும் தண்ணீரும் போட்ட தட்டின் மேல் தொட்டியை வைக்கணும். ஒன்பதாவது விதி: ஞாயிறுதோறும் இலையின் அடிப்பக்கத்தை ஈரப் பஞ்சால் துடைக்கவும்.

கணவர் படித்துவிட்டு, "என்னைக்கூட அக்கா இப்படி வளக்கல" என்றார்.

தொட்டியைக் கூடத்தில் வைத்தாள். முதல் பத்து நாளிலேயே இலை நுனிகள் கருகின. தண்ணீர் போதவில்லையோ என்று அவள் கூட ஊற்றினாள். கருகல் நிற்கவில்லை. காரணம் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, உங்க ஏசிதான் காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் உறிஞ்சுது."

"அதுக்குத்தானே அத மாட்டறாங்க?"

"அப்ப செடி எங்க போகும்?"

"நான் எங்க போவேன்?"

கடைசியில் செடிதான் போனது, படுக்கையறையின் வடக்கு ஜன்னலுக்கு. அங்கே வெயில் எட்டிப் பார்க்காது. இரண்டு மாதத்தில் பெரணி தழைத்து ஜன்னலை மறைத்தது. விதிகளில் பத்தை அவள் பிசகாமல் செய்தாள். ஒன்பதாவதை மட்டும் விட்டுவிட்டாள். இலைக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள், இதெல்லாம் நாத்தனாரின் அலட்டல் என்று நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலைத் திறக்கும்போது ஓர் இலை மடங்கித் திரும்பியது. அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். ஊசியால் குத்தி வைத்ததுபோல இரண்டு வரிசையாக, மேடாக. அடுத்த இலையிலும் அப்படியே. துடைக்காமல் விட்டதால் பூச்சி முட்டை வைத்துவிட்டது. வேறென்ன?

கணவர் எட்டிப் பார்த்து, "பரவறதுக்குள்ள வெட்டி எறி. கத்திரிக்கோல் எடுத்துட்டு வரவா?" என்றார்.

புள்ளி இருந்த இலைகளை ஒவ்வொன்றாக அடியோடு வெட்டினாள். பத்தொன்பது. மிச்சம் நின்றது நான்கு. தொட்டி மொட்டைத் தலையாக இருந்தது. வெட்டியதை ஒரு காகிதப் பையில் போட்டுக் கட்டிக் குப்பைக்கு வைத்தாள். என்ன பூச்சி என்று தெரிந்தால் சரியான மருந்து வாங்கலாமே என்று ஒரு துண்டை மட்டும் காகிதத்தில் மடித்து, மறுநாள் வேலைக்கு எடுத்துப்போனாள்.

மதியம் கூட்டம் குறைந்ததும் புள்ளிகளில் ஒன்றை ஊசியால் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்தாள். பூச்சியின் காலைத் தேடினாள், கொம்பைத் தேடினாள். ஒன்றும் இல்லை. சின்னச் சின்ன உருண்டைப் பைகள் காம்போடு கொத்தாக நின்றன. ஒவ்வொரு பையின் முதுகிலும் கம்பளிப்பூச்சிபோல ஒரு வளையம். விளக்கின் சூடு பட்டதும் ஒரு வளையம் மெல்லப் பின்னால் வளைந்தது. பை கிழிந்து வாயைப் பிளந்தது. இன்னும் வளைந்தது. பிறகு சடாரென்று பழைய இடத்துக்கே துள்ள, உள்ளே இருந்த தூள் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குத் தெறித்தது. அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அந்த மைக்ராஸ்கோப்பிலிருந்து எதுவும் அவளைப் பார்த்துப் பாய்ந்ததில்லை.

அப்போதுதான் டாக்டரம்மா உள்ளே வந்தார். "யாரோட சாம்பிள்?"

"பேஷண்ட் எங்க வீட்டுல இருக்கு டாக்டர்."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. "பூச்சியெல்லாம் இல்ல லேப் அக்கா. பெரணிக்குப் பூ கிடையாது, விதை கிடையாது. இந்தத் தூள்லதான் அடுத்த செடி. பள்ளிக்கூடத்துல படிச்சோமே?"

"படிச்சேன். படம் வரைஞ்சு அஞ்சு மார்க்கும் வாங்கினேன்" என்றாள் அவள்.

அன்று வீட்டுக்குப் போனதும் குப்பைப் பையை அவிழ்த்தாள். பத்தொன்பது இலைகளையும் வெள்ளைத் தாளில் பரப்பி மேலே புத்தகங்களை வைத்தாள். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது, தாளில் இலையின் உருவம் அப்படியே பழுப்புத் தூளாக இறங்கியிருந்தது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் மண் நிரப்பிக் கொதிநீர் ஊற்றி ஆற வைத்தாள். சுத்தமாக வேலை செய்ய அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன! தூளை மேலாகத் தட்டி, மூடி, தேதி எழுதி ஒட்டினாள்.

நாத்தனார் ஞாயிறுதோறும் போன் செய்வார். முதலில் செடியை விசாரித்துவிட்டுத்தான் தம்பியை விசாரிப்பார். இரண்டு ஞாயிறு "நல்லா இருக்கு அண்ணி" என்று சமாளித்தாள். மூன்றாவது ஞாயிறு பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"அண்ணி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று தொடங்கி, பஞ்சு, புள்ளி, கத்திரிக்கோல், மைக்ராஸ்கோப்பில் தூள் தெறித்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

நாத்தனார் கணக்குத்தான் கேட்டார்.

"எத்தனை வெட்டின?"

"பத்தொம்போது."

"மிச்சம்?"

"நாலு."

"வேர்க்கட்டு காயாம பாத்துக்கோ. வெச்சிடறேன்."

அடுத்த இரண்டு ஞாயிறும் போன் வரவில்லை. "எங்கிட்டயும் பேசல. நீ பண்ணதுக்கு எனக்கும் சேத்து தண்டனை" என்றார் கணவர்.

"கத்திரிக்கோல் எடுத்துத் தந்தது யாரு?" என்றாள். அவர் எழுந்து ஏசியைப் போடப் போனார்.

மூன்றாம் வாரம், தொட்டியின் நடுவில், வெட்டிய காம்புகளுக்கு இடையே, பஞ்சு போர்த்தியதுபோல சுருள்கள் தலைகாட்டின. அன்றுதான் போனும் வந்தது. வணக்கம், விசாரிப்பு எதுவும் இல்லை.

"சுருள் விட்டிருக்கா?"

"ஏழு, அண்ணி!"

"ம்."

அந்த ஒரு எழுத்து அவளுக்குப் போதுமாக இருந்தது.

டப்பாவுக்குள் முதலில் பச்சையாக ஒரு படலம் படர்ந்தது. கணவர், "பாசி பிடிச்சுக் கெடக்கு, கழுவி வெக்கவா?" என்று குழாயடிக்கே கொண்டுபோய்விட்டார். அவள் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். படலம் மெல்ல மெல்ல நகக்கண் அளவு இதய வடிவத் தட்டுகளாகப் பிரிந்தது. அவள் தினமும் நீரைத் தூவினாள். நாத்தனார் ஊருக்குப் போன ஆறாம் மாதத்தில் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு குட்டி இலை நிமிர்ந்தது. எண்ணிப் பார்த்தாள், முப்பத்தொன்று.

ஏழு மாதம் முடிந்து நாத்தனார் பெட்டியும் கையுமாக நேரே அங்கேதான் வந்தார். செருப்பைக் கழற்றிய கையோடு படுக்கையறைக்குப் போனார். பெரணி பழைய உயரத்துக்கு வரவில்லை, ஆனால் அடர்த்தியாக நின்றது. ஓர் இலையைத் திருப்பினார். புதிய இலையிலும் புள்ளிகள் வரிசை கட்டியிருந்தன.

"இந்தப் புள்ளிய நானும் பாத்திருக்கேன்" என்றார். "பூச்சின்னு நெனச்சு நாலு வருஷமா வாராவாரம் பஞ்சால தொடச்சிட்டிருந்தேன். அதத்தான் விதியா டைப் அடிச்சுக் குடுத்தேன். நீ போன்ல சொன்னப்பதான் எனக்கே தெரிஞ்சுது. எந்த மூஞ்சிய வெச்சிட்டுப் பேசறதுன்னு ரெண்டு வாரம் போன் பண்ணல."

லேப் அக்கா வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "நாலு வருஷமா நீ தொடச்சே, ஒரே நாள்ல அவ வெட்டினா. கெட்டிக்காரி யாரு பாத்துக்கோ" என்றார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவரை முறைத்தார்கள்.

"அது எப்படியோ தெறிக்குதுன்னியே, எனக்குக் காட்டுவியா?" என்று நாத்தனார் கேட்டார்.

சனிக்கிழமை மதியம் டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கி அவரைக் கூட்டிப்போனாள். வளையம் துள்ளியபோது நாத்தனார் "ஐயோ!" என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பிறகு இன்னொரு சில்லு கேட்டார், இன்னொன்றும் கேட்டார். நாலாவதில்தான் கண்ணை எடுத்தார்.

"தினமும் இதுல எட்டு மணி நேரமா பாப்ப?"

"ஆமா அண்ணி."

"கண்ணு வலிக்காதா?"

"சாயங்காலம் கொஞ்சம் வலிக்கும்."

"சொல்லவே இல்லையே நீ" என்றார். படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரை விட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

முப்பத்தொன்றில் இருபத்திரண்டு பிழைத்தன. தாய்ச்செடி நாத்தனார் வீட்டுக்கே திரும்பிப் போனது. டாக்டரம்மா இரண்டு கேட்டு வாங்கினார். ஒன்றைக் கணவர் ஏசி மாட்டப்போன வீட்டில் கொடுத்து, அதை ஏசிக்கு நேர் கீழே வைக்கக் கூடாது என்று அரை மணி நேரம் பாடம் நடத்திவிட்டு வந்தார். மற்றவை கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்விட்டன. நான்கை அவள் வடக்கு ஜன்னலிலேயே வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் வந்து உட்கார்ந்து, காய்ந்த இலைகளைக் கிள்ளிப் போட்டபடி, அந்த வாரம் நீதிமன்றத்தில் நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்வார்.