சாரல் இல்லாமல் ஆடிய வைப்பர்

மழையே இல்லாத கண்ணாடியில் வைப்பர் ஆடியபோதுதான், முத்தமே இல்லாத ஒரு காதல் குறும்படம் எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கல்லூரி நாட்களில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போன வேன் அது. உள்ளே டிவியில் படம் ஓடும். நெருக்கமான காட்சிக்குரிய இசை கேட்டாலே போதும், நரைத்த மீசைக்கார டிரைவர் திரும்பிப் பார்க்காமல் வைப்பரைப் போட்டுவிடுவார். எல்லார் கண்ணும் முன்கண்ணாடிக்குப் போய்விடும்.

"துபாய்ல இருந்துட்டு வந்தும் இம்புட்டு வெக்கமா அண்ணாச்சி?" என்று சீண்டினேன்.

"ஏலே, அங்கனயும் இதே கததான். ரூம்ல வெளிநாட்டுப் படத்துல முத்தம் வந்தா குனிஞ்சு செருப்பத் தேடுவேன். கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரன் சிரிப்பான். ஒருநா படத்துல ஒருத்தி சிலுவை முன்னால அழுது ஜெபம் பண்ணுதா. நான் நல்லாப் பாத்துக்கிட்டு இருக்கேன், அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். 'அவ கடவுள்ட்ட தனியாப் பேசுதா, நாம எதுக்கு எட்டிப் பாக்கணும்?'ங்கான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? அன்னைக்கும் செருப்பத் தேடுனேன்."

இப்போது அந்தக் குறும்படத்தை எடுத்துவிட்டேன். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் நாயகி சாமி முன் அழுவதை, முகத்துக்கு நேரே கேமராவை நிறுத்தி நீளமாகக் காட்டியிருக்கிறேன். அந்த இடம் வரும்போதெல்லாம் டிரைவர் அண்ணாச்சி சொன்னது ஞாபகம் வந்து உறுத்துகிறது. அடுத்த குற்றால சீசனுக்குள் அதை மறுபடி எடுக்கப் போகிறேன், கேமராவைக் கதவுக்கு வெளியே வைத்து. பிறகு அவரைத் தேடிப் பிடித்து, அவர் வேனிலேயே போட்டுக் காட்ட வேண்டும். வைப்பர் ஆடாமல் படம் முடிய வேண்டும்.